அவள் பிடித்த ஃபோன்

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் காரை நிறுத்தியபோது காலை ஏழரை மணி. மூடுபனியில் எதிர் பிளாக் தெரியவில்லை. மாமனார் கோபாலன் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தார். அன்று என் மனைவி சுபாஷிணியின் முதல் வருஷத் திதி. மயூர் விஹாரில் என் வீட்டுக்குச் சாஸ்திரிகள் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மாமனார் பின் சீட்டில் ஏறினார். என் இடது பக்க சீட் காலி.

“செல்ஃபோனை அணைச்சுட்டேளா, மாப்பிள்ளை?”

“அணைச்சு டிக்கில வெச்சுட்டேன் மாமா.”

“ஆத்து ஃபோனையே நான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். அன்னிக்கு நான் மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா...”

பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்வார்.

போன ஜனவரி. வண்டி ஓட்டிக்கொண்டே செல்ஃபோனில் பேசினால் டெல்லி போலீஸ் அபராதச் சலான் போட்டது. எங்களிடம் ஒரு வழி இருந்தது. நான் ஓட்டுவேன். அவள் ஃபோனை என் இடது காதில் பிடித்துக்கொள்வாள். என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும். அதுதான் பத்திரம் என்று நினைத்தோம்.

“நான் என்ன பொண்டாட்டியா, ஃபோன் ஸ்டாண்டா?” என்பாள்.

“ஸ்டாண்ட் இவ்வளவு பேசாது.”

கை எட்டவில்லை என்று சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். நான் ஒன்றும் சொன்னதில்லை.

அன்று அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். “வை. ஆபீஸுக்குப் பேசணும். ஜல்தி,” என்றேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்தாள். ஆபீஸ் நம்பரைப் போட்டு என் காதில் வைத்தாள். நான் பேசினேன். என் கண் திறந்துதான் இருந்தது. பனியில் விளக்கில்லாமல் நின்ற லாரியைப் பார்க்கவில்லை.

எனக்கு நெற்றியில் நாலு தையல்.

மோதியதால்தான் தன் பேச்சு பாதியில் நின்றது என்று மாமனார் நம்பினார். நான் மறுக்கவில்லை.

நிஜாமுதீன் பாலம் வந்தது. யமுனையின் சாக்கடை வாடை காருக்குள் புகுந்தது. அதோடு இன்னொரு வாடை. தலைக்குக் குளித்து ஈரம் காயாத கூந்தலின் வாடை.

ஃபோன் அடித்தது.

டிக்கியில் இல்லை. முன்னால், எனக்குப் பக்கத்தில்.

“அணைச்சுட்டேன்னேளே?” என்றார் மாமனார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

மணி நின்றது. என் இடது காதில் சில்லென்று ஏதோ பதிந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் கன்னத்தில் பட்டன.

நான் திரும்பவில்லை.

காதுக்குள் மாமனாரின் குரல் கேட்டது. பின் சீட்டிலிருந்து அல்ல. “அவசரமே இல்லைம்மா. பனியா இருக்கு. மெதுவா வரச் சொல்லு மாப்பிள்ளைய...”

துண்டிக்கப்பட்டது.

மறுபடியும் முதலிலிருந்து. “அவசரமே இல்லைம்மா.”

மறுபடியும்.

பாலம் முடிந்ததும் ஓரம் கட்டினேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“மாமா, அன்னிக்கு மோதினப்போ நீங்க லைன்ல இல்லை. நான்தான் கட் பண்ணச் சொன்னேன். என் ஆபீஸ் காலுக்காக ஃபோனைப் பிடிச்சிண்டிருந்தா. அப்பதான் மோதித்து.”

பின்னால் அவர் மஃப்ளரை அவிழ்த்தார்.

“ஒரு வருஷமா நான் தூங்கலை,” என்றார் கடைசியில். “உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

காதில் அழுத்தம் குறையவில்லை. சொல்லிவிட்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

அவர் இறங்கினார். “நான் ஆட்டோல வந்துக்கறேன்.”

போகவில்லை. முன்பக்க இடது கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. காலி சீட்டைப் பார்த்தார். யாரோ இறங்கக் காத்திருப்பவர் போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வா,” என்றார் மெதுவாக. “அப்பாவோட வந்துடு.”

லாரிகள் ஹாரன் அடித்தபடி கடந்து போயின. பனி உள்ளே வந்தது.

பதிலைக் காதில் வாங்கிக்கொண்டவர் போலத் தலையசைத்தார்.

பிறகு குனிந்து, கதவோரம் தொங்கிய எதையோ இரண்டு விரலால் தூக்கி உள்ளே விட்டார்.

“புடவைத் தலைப்பு மாட்டிக்கப் போறது,” என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.