வடக்குச் சுவரின் ஓட்டை

வெளியே நிலமெல்லாம் பனியில் இறுகிக் கல்லாகக் கிடந்தது. அப்படியிருக்க, வடக்குச் சுவரின் ஓட்டை வழியாக, அப்போதுதான் கொத்திப் புரட்டிய ஈரமண்ணின் வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பசு கயிற்றை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றது. ரிக்ஸ்வித் அடுப்பருகே உட்கார்ந்து இரண்டையும் கவனித்தாள். பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாதே, அப்படி.

புருஷன் தியத்மார் போன வாரம்தான் செத்தான். சாக்சன் இனத்தார் வீடுகளில் பிணத்தை வாசல் வழியே எடுப்பதில்லை. சுவரை உடைத்து, கால் முன்னே போக வெளியேற்றி, உடனே களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். செத்தவன் போன வழியைத்தான் தேடி வருவான்; சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். ரிக்ஸ்வித் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். கிறிஸ்தவ ராஜாவின் ஆட்கள் வாளோடு கரையில் நிற்க, ஊரோடு சேர்ந்து ஆற்றில் முங்கி எழுந்தவள். எரிக்காமல் கோயில் மண்ணில் புதைக்கவும் சம்மதித்தாள். சுவர் வழக்கத்தை மட்டும் விடமுடியவில்லை.

இன்று காலை பாதிரியார் வந்து, ஈரம் காயாத களிமண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பிசாசுக்குப் பயந்து அடைச்சியா? இடி அதை. ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன், திறந்தே கிடக்கணும். இல்லேன்னா பிரபுகிட்ட சொல்லிடுவேன். தலை போயிடும், பாத்துக்க."

அவளே இடித்தாள்.

மத்தியானம் நாத்தனார் கெல்ஸ்விந்த் வந்தாள். உள்ளே கால் வைக்காமல் ஒரு வைக்கோல் கட்டை நீட்டினாள்.

"இதையாவது திணிச்சு வைங்க, அண்ணி."

"பாதிரியாரு கண்டுபிடிச்சிடுவாரு."

"அண்ணன் கண்டுபிடிச்சா பரவாயில்லையா?"

"அவரும் முங்கினவருதானே. வரமாட்டாரு."

"முங்கும்போது எந்தப் பழைய சாமி பேர முணுமுணுத்தாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

பொழுது சாய்ந்தது. கோயில் பக்கமிருந்து, உறைந்த புல் நொறுங்க நொறுங்க, எதையோ இழுத்துவரும் சத்தம் கேட்டது. வேலியோரம் கொஞ்சம் நின்றது. பிறகு வாசலைத் தாண்டியது. தட்டவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வடக்கே திரும்பியது.

வைக்கோல் கட்டு மடியில்தான் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். அடைத்தால் தலை போகும். அடைக்காவிட்டால்? எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

சத்தம் நின்றது.

முதலில் முடி. ஈரமண் அப்பிய முடி. பிறகு நெற்றி.

கால் முன்னே போனவன், தலை முன்னே வந்தான். மல்லாந்தபடி. தூக்கிவர ஆளில்லாமல், தூக்கிப்போன அதே உயரத்தில், அந்தரத்தில். கழுத்துவரை உள்ளே வந்ததும் நின்றான். தலைகீழாக இருந்த கண்கள் திறந்து, அவள் மடியிலிருந்த வைக்கோலைப் பார்த்தன.