காற்றுத் திருகு

உண்கலத்தின் காற்றுத் திருகுக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். தூத்துக்குடி ஆஸ்பத்திரிகளின் கழிவெல்லாம் வந்து சேரும் அந்த இரும்புத் தொட்டிக்குள் கசடுண்ணிகள் என்ற பாக்டீரியாக்கள் இருந்தன. வந்த கிருமியையெல்லாம் தின்று தீர்ப்பது அவற்றின் வேலை. காற்று மட்டும் படக்கூடாது. பட்டால் உடம்பில் வேகம் பிடித்து, தோலில் வாசல் திறந்துவிடும். செத்த கிருமிகள் விட்டுப்போன மரபணு இழைகளை உள்ளே இழுத்து, அவற்றின் வித்தையைத் தம்முடையதாக்கிக்கொள்ளும். மருந்தை ஏய்க்கும் வித்தைதான் அங்கே மலையாய்க் கிடந்தது.

"இதுகளுக்கு மூச்சு முட்டுனா படிப்பு ஏறாதுலே," என்பாள் கலக்காவலர் பிரகாசி.

கூடவே வேலை பார்த்த அவள் தம்பி ராயப்பன் பத்தாம் வகுப்பில் மூன்று தடவை கோட்டை விட்டவன். "அப்ப எனக்குச் சின்னதுலருந்தே முட்டிருக்கு போல," என்று சிரிப்பான்.

ஒரு காலையில், மேல்மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தவனின் காலடியில் துருப்பிடித்த தகடு விட்டுப்போனது. கலத்துக்குள் விழுந்து கழுத்தளவு சேற்றில் நின்றான். சேற்றுக்கு மேலே இருந்ததோ விஷவாயு. "அக்கா!" ஒரே கூப்பாடுதான். பிரகாசி யோசிக்கவில்லை. உள்ளே காற்றுப் போக முத்திரையை உடைத்துத் திருகைக் கடைசிவரை திறந்தாள்.

கால்மணியில் அவனைத் தூக்கிவிட்டார்கள். பிறகு அவள் சட்டப்படியே நடந்தாள். காற்றுப் பட்ட கலத்தைக் கொதிக்க வைத்து, உள்ளிருந்த அத்தனையையும் கொன்றாள். தம்பியின் நெஞ்சுக்குள் போன இரண்டு மிடறு சேறு யார் நினைவிலும் இல்லை.

ஐந்தாம் நாள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"நேத்து கேட்ட மருந்து இன்னைக்குக் கேக்கலம்மா," என்றார் டாக்டர் நசீமா. "இது நாலாவது. ஒவ்வொண்ணும் பாதியக் கொல்லுது. மீதி பொழச்சுக்கிட்டு அதையும் ஏய்க்குது."

பிரகாசி தம்பியின் முகமூடியைப் பார்த்தாள். உயிர்வளி சீறிக்கொண்டிருந்தது. கலத்துக்குள் எது நடக்கக்கூடாது என்று பத்து வருடம் காவல் காத்தாளோ, அது இந்தக் கட்டிலில் நடந்துகொண்டிருந்தது.

"இந்தக் காத்துதான் அதுகளுக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்குது, டாக்டர்."

"தெரியும்மா. நிறுத்துனா பத்து நிமிஷம் தாங்க மாட்டான்."

"நிறுத்தலன்னா?"

நசீமா வார்டைத் திரும்பிப் பார்த்தார். "எந்த மருந்துக்கும் கேக்காதது இவங்களுக்கும் பரவும்." பதினோரு கட்டில்களில் பதினோரு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

ராயப்பன் கண் திறந்தான். முகமூடி ஒருபக்கம் நழுவியிருந்தது. "அக்கா... மூச்சு முட்டுது."

பிரகாசி இந்த முறை யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். பிறகு முகமூடியின் வாரை இழுத்து இறுக்கிவிட்டு, உயிர்வளித் திருகைக் கடைசிவரை திறந்தாள்.