சோதனை துணை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காதில் தொங்கும் செவிமணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உடுமலைப்பேட்டையில் ஒரு புதன்கிழமை மத்தியானம், சோறு தின்று கை கழுவுவதற்குள் நாற்பதாயிரம் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொல்கிறேன்.

அப்போது பெண் பார்க்க யாரும் பஸ் ஏறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலி இருந்தது. பதிலி என்றால் நம்மைப்போலவே பேசத் தெரிந்த யந்திர மனசு. வருஷக்கணக்காகச் செவிமணிக்குள் இருந்துகொண்டு, நாம் எதற்குச் சிரிப்போம், எதற்கு முகம் சுளிப்போம் என்று எல்லாம் படித்து வைத்திருக்கும். ‘இணைமாலை’ என்ற வலைத்தளத்தில் பதிலியும் பதிலியும் உட்கார்ந்து பேசும். அவை ஒத்துவந்தால்தான் மனிதர்கள் முகம் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கே பதிலிகள் சம்மதம் சொல்லிவிட்டால், தளமே பத்திரிகை அடித்து வீடுகளுக்கு அனுப்பிவிடும். பேச்சு நடக்கும் ஒவ்வோர் அறைக்கும் ஓர் உறவுச் சன்னல் உண்டு. அம்மா, சித்தி, மாமன் என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

அந்தத் தளத்தைப் பராமரிக்கிறவள் சம்பூரணம். முப்பத்தாறு வயது. ஊருக்கெல்லாம் மாலை கட்டும் தளத்தில் அவளுடைய பதிலியும் இருந்தது. இதுவரை எண்பத்தேழு பேரை வேண்டாமென்றிருந்தது. அவள் ஏன் என்று கேட்டதில்லை. பதிலி என்றால் தானேதான், தனக்குத் தெரியாததா அதற்குத் தெரிந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

அன்று காலை முதலாளி நஞ்சப்பன் வந்து, “ஏம்மா சம்பூரணம், பதிலிகளுக்குத் தயக்கம் ரொம்பச் சாஸ்தி. தயக்கத்தைக் கொறைக்கற புது முறை ஒண்ணு எழுதி வாங்கியிருக்கறேன். ஏத்திப் பாரு,” என்றார்.

“உயிர்த்தளத்துல நேரா ஏத்தக்கூடாதுங்க மொதலாளி. ஓடிட்டிருக்கற வண்டிக்குச் சக்கரம் மாத்தற மாதிரி ஆயிரும். ஒரு நகல் எடுத்து, தனியா வெச்சுச் சோதிச்சுப் பாக்கலாமுங்க.”

அப்படியே செய்தாள். சனங்கள் புழங்கும் உயிர்த்தளம் முழுவதையும், அதிலிருந்த பதிலிகளோடு, நகலெடுத்துச் சோதனைத்தளம் ஒன்றை உண்டாக்கினாள். வெளியார் நுழையாமல் வாசலைப் பூட்டினாள். சோதனை சீக்கிரம் முடிய, அங்கே ஒரு மணி நேரம் ஒரு வருஷமாக ஓடும்படி வைத்தாள். எது அசல், எது நகல் என்று தனக்கே குழம்பிவிடக் கூடாதே என்று, எல்லாப் பக்கத்தின் தலையிலும் இருந்த ‘மாரியம்மன் துணை’யில் ‘மாரியம்மன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சோதனை’ என்று போட்டாள். சாப்பிட்டு வந்து புது முறையை ஏற்றிக்கொள்ளலாம் என்று டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

எல்லாம் சரியாகச் செய்தவள் பத்திரிகை வெளியே போகும் தபால் வாசலை அடைக்க மறந்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரியோடு கொஞ்சம் பேசிவிட்டு அவள் வந்தபோது மணி இரண்டு. செவிமணியில் அம்மா பழனாத்தாள் அலறினாள்.

“அம்முணி! எங்கிட்டக்கூடச் சொல்லாம பத்திரிகை அடிச்சுட்டியா? நம்மூட்டு அச்சுப்பெட்டியில இப்பத்தான் வந்து விழுந்துச்சு. நாலு மூலையிலயும் மஞ்சள் வேற தடவியிருக்குது!”

“யாருக்கும்மா கல்யாணம்?”

“உனக்குத்தான் கண்ணு! மாப்பிள்ள ஆனமலை திருமூர்த்தியாமா. அதென்ன மேல, ‘சோதனை துணை’ன்னு போட்டிருக்குது? அது எந்த ஊருச் சாமி? உங்க பெரியம்மா கேக்கறா, இது வெள்ளோட்டம் பாக்கற கல்யாணமான்னு!”

சம்பூரணம் திரையைப் பார்த்தாள். பூட்டிய தளத்துக்குள் இரண்டு வருஷம் ஓடியிருந்தது. நாற்பதாயிரம் ஜோடிகள் சம்மதம் சொல்லியிருந்தன. அத்தனைக்கும் பத்திரிகை அச்சாகி, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

முதலாளி துள்ளிக் குதித்தார். “பாத்தியா! புது முறை என்னமா வேல செய்யுது!”

“நான் இன்னும் அத ஏத்தவே இல்லீங்களே,” என்றாள் சம்பூரணம்.

முதலாளி குனிந்து திரையைத் தானே பார்த்தார்.

மூன்று மணிக்கு ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

“ஏனுங்க, சம்பூரணம்ங்கறது யாருங்க? என்னோட கல்யாணத்துக்கு என்னையே அழைச்சிருக்குது. வர்றதா வேண்டாமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

அவர்தான் திருமூர்த்தி. தென்னையேறி யந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். மூன்று மாதத்துக்கு முன் உயிர்த்தளத்தில் அவரை ஒன்பதே நொடியில் வேண்டாமென்றிருந்தது சம்பூரணத்தின் பதிலி. எண்பத்தேழில் கடைசி ஆள்.

“உட்காருங்க. எனக்கும் ஒண்ணும் புரியலீங்க,” என்றாள் அவள். “அங்க சரின்னு சொன்னதும் நான்தான், இங்க வேண்டாம்னு சொன்னதும் நான்தான். இதுல எது நான்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்குப் பதில் சொல்ல முடியும்.”

“மெதுவாத் தேடுங்க. எனக்கும் அதே சந்தேகம்தானுங்க.”

அவள் அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். தலைப்பில் ஒரு சொல் வேறு. ஓடும் வேகம் வேறு. ஆனால் வேகத்தால் இது வராது. உயிர்த்தளத்தில் முதல் பேச்சிலேயே அல்லவா மறுப்பு? சரி, முதல் பேச்சையே பார்ப்போம் என்று இரண்டையும் திறந்தாள்.

இரண்டிலும் திருமூர்த்தியின் பதிலி ஒரே கேள்விதான் கேட்டிருந்தது: “உங்களுக்கு என்னங்க புடிக்கும்?”

உயிர்த்தளத்தில் வந்த பதில்: “வீட்டுல சொல்றதுதாங்க எனக்கும். இது சரிப்படாதுங்க.” அவ்வளவுதான்.

நகலில் சம்பூரணத்தின் பதிலி முதலில் உறவுச் சன்னல் பக்கம் பார்த்திருந்தது. பிறகு கேட்டிருந்தது: “ஏனுங்க, அந்தச் சன்னல் சாத்தியிருக்குதுங்களா?”

“அட, ஆமாங்க! நானும் இப்பத்தான் பாக்கறேன்.”

“அப்படீன்னா சொல்றனுங்க. எனக்குச் சமைக்கப் புடிக்காது. சாப்பிடத்தான் புடிக்கும்.”

“நானும் ஒண்ணு சொல்லட்டுங்களா? எனக்கு ஒசரம்னா பயம். தென்னையேறியக் கீழ எறக்கச் சொல்லித்தான் ரிப்பேர் பண்ணுவேன். மரத்து மேல மாட்டிக்கிச்சுன்னா அன்னிக்கு எனக்குக் காச்சல்னு சொல்லிருவனுங்க.”

படித்துக்கொண்டிருந்த திருமூர்த்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“இத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க.”

“நானும்தானுங்க,” என்றாள் சம்பூரணம். காலையில் வாசலைப் பூட்டியபோது உறவுச் சன்னல்களும் சேர்ந்து அடைபட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதிலிகளின் மனசு மாறவில்லை. தயக்கமும் குறையவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளிக்கு இதெல்லாம் தேவையில்லை. “சோதன பாஸாயிருச்சும்மா! அந்த நகலத் தூக்கி அப்படியே உயிர்த்தளத்து மேல வையி. அஞ்சு மணிக்கு முடிஞ்சாகோணும்.”

“வெச்சா சன்னலெல்லாம் தொறந்துக்கும்ங்க. பேச்சு மாறிப்போயிருங்க.”

“சன்னல் இல்லாம எந்தச் சனம் நம்ம தளத்துக்கு வரும்? வையி.”

மணி நாலரை. அரை மணி நேரத்தில் அந்தச் சம்மதம் இருக்குமோ போய்விடுமோ என்று சம்பூரணம் தவித்தாள். அதற்குள் பழனாத்தாளும் பத்திரிகையோடு வந்து இறங்கினாள். செவிமணிக்குள் பெரியம்மா, அத்தை, சின்ன மாமன் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த இரைச்சலில் ‘நான்’ என்பதை எங்கே போய்த் தேடுவது?

சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. செவிமணியைக் கழற்றிக் காலி டிபன் பாக்ஸில் போட்டாள். திருமூர்த்தியிடம் நீட்டினாள். அவரும் தன்னுடையதைக் கழற்றிப் போட்டார். மூடியை அழுத்தி மூடினாள்.

தளத்து யந்திரங்கள் இருக்கும் குளிரறை நடையின் கோடியில் இருந்தது. தடித்த இரும்புக் கதவு. சன்னல் கிடையாது. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து மணிக்கு நஞ்சப்பனே பொத்தானை அழுத்தினார். நகல் உயிர்த்தளத்தின் மேல் ஏறியது. நாற்பதாயிரம் சன்னல்கள் ஒரே நேரத்தில் திறந்தன. நாற்பதாயிரம் அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது நொடி. அதற்குள் எல்லா அறையிலும் ஒரே பதில்: “இது சரிப்படாதுங்க.” சம்பூரணத்தின் பதிலியும் அதையேதான் சொன்னது. நஞ்சப்பன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பழனாத்தாள் குளிரறைக் கதவில் காதை வைத்துப் பார்த்தாள். விர்ரென்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. “உள்ள என்னதான் பேசறாங்க?” என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டாள்.

அதைச் சொல்ல இந்தக் கதைக்கும் வழியில்லை, கண்ணுகளா. கதவு சாத்தியிருந்தது.

ஆறு மணிக்கு இரண்டு பேரும் தும்மிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

“என்ன கண்ணு முடிவு பண்ணுன?” என்றாள் அம்மா.

“இன்னும் தெரியலம்மா. நாலஞ்சு தடவ உள்ள போகோணும். அடுத்த தடவ ஸ்வெட்டர் எடுத்துட்டு வரோணும்.”

சங்கதி ஊருக்குப் பரவிவிட்டது. மறுவாரம் முதல் பத்திரிகை வந்த ஜோடிகள் ஆனமலை, தாராபுரம், பல்லடம் என்று எங்கெங்கிருந்தோ ஸ்வெட்டரோடு வந்து குளிரறை வாசலில் வரிசை கட்டினார்கள். நடை முழுக்க டிபன் பாக்ஸ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒரு சித்தி கத்திக்கொண்டிருப்பாள். மனிதர் பேசவேண்டாம் என்றுதானே பதிலியைச் செய்தார்கள்? அந்தப் பதிலிகள் குடியிருக்கும் அறையே இப்போது மனிதர் பேசும் அறையானது.

நஞ்சப்பன் விடுவாரா? உறவுக்காரர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்களே என்று, ஆவணியில் ஆள் வைத்து அந்த இரும்புக் கதவை அறுத்து, ஒரு கண்ணாடிச் சன்னல் பதித்தார்.

மறுநாள் காலை அந்தக் கண்ணாடி முழுவதையும் மறைத்து ஒரு பத்திரிகை ஒட்டியிருந்தது. பெரிய தாளில் அடித்த கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் கையால் தடவிய மஞ்சள். சம்பூரணம், திருமூர்த்தி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பழனாத்தாள் எவ்வளவோ சண்டை போட்டும் தலைப்பை மட்டும் மகள் மாற்றவில்லை: ‘சோதனை துணை.’

நீங்களும் உங்கள் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கட்டும். அதைத் திறந்துகொண்டு வருகிறவர் வாயில் நல்ல சொல் இருக்கட்டும். வரும்வரை வெளியே பொறுத்திருக்கும் மனசு வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாய்க்கட்டும்.