ஓர் ஆள் கனம்

லோர்னாவும் மால்கமும் படகில் குடியேறிய அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அக்டோபர் மாதத்துக்கே உரிய சாம்பல் வெளிச்சம், கால்வாய்த் தண்ணீரில் அழுகும் இலைகளின் வாடை, அவ்வளவுதான். பதினேழு மீட்டர் நீளம், இரண்டே மீட்டர் அகலம் கொண்ட இரும்புப் படகு. உள்ளே ஒரு கட்டில், ஒரு கரி அடுப்பு, மடக்கு மேசை, இரண்டு நாற்காலி. முப்பது வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவர்களுக்கு இது ஒரு வாழ்க்கையா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்திருந்தால் அவர்களும் ஓடிவந்திருப்பார்கள்.

அங்கே யாரையும் கண்ணால் பார்த்ததில்லை. அதுதான் கொடுமை. பட்டப்பகலில் மாடிப்படி ஒவ்வொன்றாகக் கிரீச்சிடும். ஆளில்லாத சாய்வு நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கும். யாரோ சாவகாசமாக உட்கார்ந்த மாதிரி ஒரு குழி விழும். அந்தக் குழி ஆழமாக ஆழமாக, மால்கம் இளைத்துக்கொண்டே போனான்.

தொண்ணூறு கிலோ ஆள் மூன்று வருஷத்தில் அறுபதுக்கு வந்துவிட்டான். டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்கள். லோர்னாவுக்கு மட்டும் விஷயம் புரிந்திருந்தது. ஏதோ ஒன்று அவள் புருஷனை உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. கேட்ட விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் படகை வாங்கினாள். வீட்டைப் பிடித்தது வீட்டோடு கிடக்கும், தண்ணீரில் மிதக்கும் இரும்புக்கு அதனால் வரமுடியாது என்று கெட்டியாக நம்பினாள்.

படகில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. கரையிலிருந்து யார் காலெடுத்து வைத்தாலும் படகு அந்தப் பக்கம் சாயும். பூனை குதித்தால்கூட உள்ளே தெரியும்.

"பாத்தியா மால், இங்க யாரும் நமக்குத் தெரியாம வரமுடியாது" என்றாள், முதல் நாள் தேநீர் ஊற்றிக்கொண்டே.

"வரி கேக்கிறவன் வந்தாலும் முன்னாடியே ஒளிஞ்சுக்கலாம்" என்று அவன் சிரித்தான். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

எட்டு நாள் நிம்மதியாகப் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலை, பன்றி இறைச்சித் துண்டுகளை வதக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மூடுபனி. மால்கம் மேசையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வாணலியில் இருந்த கொழுப்பு மெதுவாக ஒரு பக்கமாக ஓடியது.

படகு சாய்ந்தது.

யாரோ ஏறியிருக்கிறார்கள். லோர்னா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கரையில் ஈரப்புல், அதன் மேல் ஒரு காலடியும் இல்லை. பனிக்குள் எங்கோ ஒரு நீர்க்கோழி மட்டும் கத்தியது.

"காத்தா இருக்கும்" என்றாள்.

காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

அவள் திரும்பி வந்து பார்த்தபோதும் கொழுப்பு அதே பக்கத்தில்தான் தேங்கி நின்றது.

ஏறியது இறங்கவில்லை.

அடுத்த வாரத்தில் மால்கம் இடுப்புப் பட்டையில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டான். லோர்னா பார்க்காத மாதிரி இருந்தாள். பார்த்ததைச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம் அவளுக்கு. இரண்டாவது நாற்காலியில் அவள் உட்காருவதை நிறுத்திவிட்டாள். அது எப்போதும் சூடாக இருந்தது.

படகுகளுக்குக் கரியும் டீசலும் விற்றுவரும் பெரில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தன் படகைப் பக்கத்தில் அணைத்தாள். வயது அறுபது. வாய் மட்டும் ஊர் முழுக்கக் கேட்கும். லோர்னாவின் பழைய வீட்டுக் கதையும் அவள் காதுக்கு எட்டியிருந்தது. கரி மூட்டையைத் தூக்கப் போனவள், லோர்னாவின் படகை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டுல விருந்தாளியா கண்ணு?"

"இல்லையே. நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேருக்கு இது இப்படி உட்காராது. சமையல் தொட்டித் தண்ணி வெளிய வர்ற ஓட்டையப் பாரு. நீ வந்தப்ப அது தண்ணிக்கு மேல நாலு வெரக்கட இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். இப்ப ரெண்டுதான் இருக்கு. முழுசா ஒரு ஆம்பள கனம் ஏறியிருக்கு." பெரில் குரலைத் தாழ்த்தினாள். "ஒன் வீட்டுக்காரரோ காத்தடிச்சா பறந்துருவாரு போல. என்ன கண்ணு நடக்குது உள்ள?"

லோர்னா குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"அடியில பாரத்துக்கு என்ன போட்டிருக்க?" என்று பெரில் கேட்டாள்.

இந்த மாதிரிப் படகுகள் ஆடாமல் நிற்க, தரைப்பலகைக்கு அடியில் கல் அடுக்கவேண்டும். படகுத்துறையில் கல்லுக்கு அநியாய விலை சொன்னார்கள். நம் வீட்டுக் கொல்லையில்தான் கல் கொட்டிக் கிடக்கிறதே என்று லோர்னாவே யோசனை சொல்லி, தானே பெயர்த்து, தானே அடுக்கினாள். அந்தச் சாமர்த்தியத்தை இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க கொல்லையில பாவியிருந்த கல்லுதான். ஒரு பக்கம் மட்டும் தூக்கிட்டே நின்னுச்சு. அதுக்காகக் கடைசியா பின்கட்டு வாசப்படியையும்..."

பாதியில் அவள் வாய் நின்றுவிட்டது.

பெரில் கரி மூட்டையைக் கீழே வைத்தாள். "வீட்ட விட்டு ஓடிவந்தவ வாசப்படியவா தூக்கிட்டு வருவ? அந்த வீட்டுல இருக்கிறது எதத் தாண்டிப் போகும், எதத் தாண்டி வரும்? நீயே அதுக்கு வழி போட்டுக் குடுத்திருக்கியேம்மா!"

"கல்லுதானேன்னு நெனச்சேன் பெரில்."

"இப்பவே எடுத்துக் கரையில போடு." அவள் காசுகூட வாங்காமல் தன் படகைக் கிளப்பிக்கொண்டு போனாள். அவ்வளவு அவசரமாகப் போகிற ஆள் இல்லை அவள்.

மால்கமால் குனியக்கூட முடியவில்லை. லோர்னா ஒருத்தியே பலகையைப் பெயர்த்தாள். கடப்பாறையால் நெம்பி அந்த வாசற்படியைப் புரட்டினாள். நூறு வருஷமாக ஜனங்கள் மிதித்துத் தேய்ந்த கல், நடுவில் குழிந்திருந்தது. அடியில் சில்லென்ற இரும்பு, சுற்றிலும் சில்லென்ற கற்கள். குழியில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

இழுத்து, உருட்டி, மூச்சு வாங்கக் கரையில் தள்ளினாள். ஓடிவந்து ஓட்டையைப் பார்த்தாள். கல் போன பக்கம் படகு உயர்ந்திருக்கவேண்டும்.

இரண்டு விரற்கடை. துளியும் மாறவில்லை.

"லோர்." மால்கம் உள்ளிருந்து கிசுகிசுத்தான். "கல்லு போயி என்ன புண்ணியம்? அது என் பக்கத்துலதான் உட்காந்திருக்கு."

அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. லோர்னா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்புக்குச் சட்டை போட்ட மாதிரி இருந்தது அந்தக் கை. இன்னும் ஒருநாள் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொட்டல்வெளியில் கைபேசிக்கு அலையும் கிடைக்கவில்லை, ஒரு வண்டிப்பாதையும் இல்லை. சாலையும் ஆஸ்பத்திரியும் ஹார்க்கட் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். படகில் போனால் ஒரு மணி நேரம்.

கயிறுகளை அவிழ்த்தாள். அவனைக் கம்பளியில் சுற்றி முன்னறைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சுக்கானைப் பிடித்தாள்.

கால்வாய் மலைக்கு அடியில் புகுந்து போகும் ஹார்க்கட் சுரங்கம் இரண்டு கிலோமீட்டர். நடைபாதை கிடையாது. உள்ளே போன படகைத் திருப்பவும் முடியாது. நுழைந்த கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்த பகல் ஒரு காசளவு சுருங்கிப்போயிற்று. முகப்பு விளக்கின் மஞ்சள் வட்டத்தில் பாசி பிடித்த செங்கல் நகர்ந்தது. கூரையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் அவள் பிடரியில் சொட்டியது. புகை வாடை, ஈரச் சுண்ணாம்பு வாடை, இயந்திரத்தின் தடதடப்பு.

சரியாகப் பாதி வழியில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

பிறகு நிமிர்ந்தது.

யாரோ இறங்கியிருக்கிறார்கள்.

சுவரைத் தவிர அங்கே இறங்க எதுவும் இல்லை. தண்ணீரில் விழுந்த சத்தமும் இல்லை. ஆனால் படகு கொஞ்சம் உயர்ந்ததை அவள் கால்கள் உணர்ந்தன. கொஞ்சம்தான். ஓர் ஆம்பிளை கனத்துக்கு அது ரொம்பக் குறைச்சல். பயந்து நிற்பவளுக்கு அதையெல்லாம் எடை போட்டுப் பார்க்க ஏது புத்தி?

"மால்! அது போயிருச்சு மால்! இறங்கிருச்சு! நீ எப்பிடி இருக்க?"

"நல்லா இருக்கேன்!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. மூன்று வருஷமாகக் கேட்காத கணீர்க் குரல். "பசி உயிர் போகுது!"

லோர்னா அந்த இருட்டில் வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் சிரிக்கவும் செய்தாள். வெளிச்சம் வரும்வரை அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

சுரங்கத்தின் வாயைத் தாண்டியதும் ஒரு சின்ன படகுத்துறை. வேகத்தைக் குறைத்தாள். முன்கதவைத் திறந்துகொண்டு மால்கம் வெளியே வந்தான். கம்பளி இல்லை, தள்ளாட்டம் இல்லை. கன்னம் உப்பி, தோள் பூரித்து, கல்யாணமான புதிதில் இருந்த மால்கம். அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டுக் கரையில் குதித்தான்.

படகின் முன்பக்கம் விசுக்கென்று மேலே எழும்பியது.

தொண்ணூறு கிலோ ஆள் குதித்தால் எப்படி எழும்புமோ அப்படி.

லோர்னா அசையாமல் நின்றாள். அப்போது பின்னால், சுரங்கத்தின் உள்ளே ரொம்ப தூரத்திலிருந்து, ஓர் ஈனக்குரல் தண்ணீர் மேல் மெல்ல வந்தது.

"லோர்... எங்க போயிட்ட? இருட்டா இருக்கு லோர்..."

அவள் திரும்பி இருட்டைப் பார்த்தாள்.

"அதுக்குப் பதில் சொல்லாத" என்றான் கரையில் நின்றவன். மால்கமின் சிரிப்பு, மால்கமின் கோணல் பல். "நம்மள ஏமாத்தப் பாக்குது. கயித்தப் போடு, கண்ணம்மா. வா, எறங்கு."

அந்த முகத்துக்காக அவள் எத்தனை ராத்திரி அழுதிருப்பாள்! ஒரே எட்டு. இறங்கினால் போதும். திடமான புருஷன், சாலை, வெளிச்சம், எல்லாம் கிடைத்துவிடும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் புறப்படும் முன் அவள் பிடித்த கையில் எலும்புதான் இருந்தது.

இயந்திரத்தைப் பின்னோக்கித் தள்ளினாள்.

நீளப் படகு பின்னால் போகும்போது சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது. பக்கவாட்டில் மோதியது, செங்கல் உரசி இரும்பு அலறியது. கரையில் நின்றவன் தடுக்கவில்லை. சிரித்தபடி, படகின் முன்பக்கத்தோடு கூடவே நடந்து வந்தான்.

"மால்! செவுத்தப் பிடிச்சுக்கோ! வரேன்டா, இதோ வந்துட்டேன்!" தொண்டை கிழியக் கத்தினாள். அவள் நின்ற பின்முனை இருட்டுக்குள் நுழைந்தது.

"லோர்..." சுவரைப் பிடித்துக்கொண்டே மிதந்து வந்திருக்கவேண்டும், குரல் இப்போது கிட்டத்தில் கேட்டது.

அவள் இருட்டுக்குள் கையை நீட்டினாள். ஈரமான, எலும்பும் தோலுமான விரல்கள் அவள் விரல்களைப் பற்றின. பின்பக்கம் மிக லேசாக, ஒரு பூனை ஏறின மாதிரி அமுங்கியது.

"வந்துட்டியா" என்று அவன் அவள் தோளில் சாய்ந்தான். அவளும் அவனை இறுகக் கட்டிக்கொண்டாள். இவன்தான். வேறு யாரும் இல்லை. இவன்தான் அவளுடைய மால்.

படகின் முன்முனை மட்டும் இன்னும் வெளியே பகலில் இருந்தது.

அது கனமாக, நிதானமாகக் கீழே இறங்கியது.

முன்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பிறகு அறை அறையாக, அவசரமில்லாத காலடிகள் பின்பக்கம் வந்தன. ஒவ்வொரு காலடிக்கும் படகு சாய்ந்து நிமிர்ந்தது. சமையல்கட்டு வந்ததும் காலடிகள் நின்றன. கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம்.

"லோர்னா" என்று கணீரென்று கேட்டது அந்தக் குரல். "மூணு கப் டீ போடட்டா?"