மேலடுக்கில் இருபத்திரண்டு பேர்

தடவாசிப்பானின் முட்களை மலை முழுக்க மண்ணில் பதித்து முடித்த பத்தாம் நாள், அமுதினியின் திரையில் அறுபத்து மூன்று பேர் என்று எண் வந்தது. நாற்பத்தொன்றுதான் வந்திருக்க வேண்டும்.

கருங்குன்று காப்பித் தோட்டத்தின் பழைய பத்திரத்தில் அடிமைகளை "நாற்பத்தொரு உருப்படி" என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மனிதப் பாதம் மண்ணில் விடும் உப்பு இருநூறு வருடமானாலும் முழுதாக அழியாது என்று தெரிந்தபின் பத்திரங்களை யாரும் பெரிதாக நம்புவதில்லை. ஒவ்வோர் உடம்பின் உப்பும் வேறு. வாசிப்பான் அதைப் பிரித்து, யார் எங்கே நடந்தார், எப்போது பட்டினி கிடந்தார் என்று கோடுகளாக வரைந்துவிடும். எல்லைக்கு வந்ததும் திரும்பிவிடுகிறவர்களின் கோடு சிவப்பாக இருக்கும்; தாண்டிப் போனால் பச்சை. திரும்பும் அந்த நடையை இந்தத் துறையில் கட்டுநடை என்பார்கள்; திரையில் வருவது அப்படி நடந்தவர்களின் எண்.

பதினேழாம் எண் ஒரு பெண். இடது காலை இழுத்து நடந்தவள். நான்கு முறை ஓடைக்கு மேலே காட்டுக்குள் போயிருக்கிறாள். நான்கு முறையும் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். ஐந்தாம் முறை, எல்லையிலிருந்த பாறை இடுக்கில் நுழைந்த கோடு திரும்பவேயில்லை. அதற்கப்பால் பச்சையாக ஓடி மறைந்தது.

மீதி இருபத்திரண்டு பேர் மண்ணின் மேலடுக்கில் இருந்தார்கள். அந்த உப்புக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

தோட்டம் இப்போது ஓட்டல். அடிமைகளின் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை திறக்கவிருந்தது. அதற்காகத்தான் தடங்களை வாசிக்க அமுதினியை வரவழைத்திருந்தார்கள். சிவப்புக் கோடுகள் சமையலறையையும் சலவைக் கூடத்தையும் சுற்றிச் சுற்றி வந்தன. சலவைக்காரி லூர்துமேரியிடம் அமுதினி விசாரித்தாள். வேலையில் சேரும்போதே வாசலில் அடையாளக் கைவளையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்களாம். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அது இல்லாமல் பஸ்ஸில்கூட ஏற முடியாது. தங்கை செத்தபோதும் விடவில்லை என்பதை அவள் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

அதைப் போய்ச் சொன்னபோது நிர்வாகி திலீபன் கோபப்படவில்லை. எல்லாரும் விரும்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்றார். அடுத்த ஐந்து தோட்டங்களின் வேலையும் அமுதினிக்கே என்றார்.

"மேலடுக்கு வெறும் அழுக்கு, அமுதினி. துடைச்சிடுங்க."

"உப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். எனக்கும் வரலை."

அன்று மாலை அவள் கைவளையையும் வாசலில் பறித்துக்கொண்டார்கள். வாசிப்பானின் கோப்பைத் திருத்தினால் கொடுப்பதாகக் காவலாளி சொன்னான். இரண்டு நாள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். மூன்றாம் நாள் எண் அறுபத்து நான்கு ஆகியிருந்தது. புதிய கோடு யாருடையது என்று அவளுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. கோப்பைத் திருத்திவிட்டதாகத் திலீபனிடம் சொன்னாள். அவர் நம்பினார். கைவளையை மட்டும் விழா முடியட்டும் என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, கூடத்தில் விருந்தினர்கள் முன், வாசிப்பானோடு இணைந்த பெரிய திரையை அவர் திறந்துவைத்தபோது, சமையலறையில் ஆளில்லை. இருபத்து மூன்று பேரும் ஓடைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். பாறை இடுக்கில் லூர்துமேரியின் கால் தானாக நின்றது. அமுதினி கைத்திரையை நீட்டி, பதினேழாம் எண்ணின் பச்சைக் கோட்டைக் காட்டினாள். லூர்துமேரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நுழைந்தாள்.

ஒவ்வொரு கோடாகப் பச்சையானது. பழையவர்கள் கணக்கிலேயே நிற்க, உயிரோடு எல்லை தாண்டியவர்கள் கழிந்து, கூடத்துத் திரையிலும் அதே நேரத்தில் எண் இறங்கியது. கடைசியில் அமுதினி இடுக்கைத் தாண்டினாள்; எண் நாற்பத்தொன்றில் நின்றது.

கைத்திரையில் திலீபன் கூப்பிட்டார். அவர் வாய் திறக்குமுன்னே பின்னாலிருந்து ஒரு விருந்தாளியின் குரல் தெளிவாகக் கேட்டது: "இந்த இருபத்து மூணு பேர் எந்தக் காலத்து அடிமைங்க?"

லூர்துமேரி கைத்திரையை வாங்கினாள்.

"காலையில உங்களுக்கு இட்லி வச்சவங்கதான் சார்" என்றாள். "கைவளையெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்க. நாங்க அங்கதான் நிப்போம்."