கம்பத்தை விடாதவள்

தெருவிளக்கெல்லாம் மஞ்சளாக எரிந்த காலம், கண்ணுங்களா. தூறல் போட்டால் தெருவே பொன் பூசிக்கொண்டு நிற்கும்... அப்படி ஒரு தூறலில்தான் விளக்குக்காரர் ஏணியோடு வந்தார். கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒருத்தி நின்றிருந்தாள்.

"கொஞ்சம் விடுங்க. பல்பு மாத்தணும்."

"விட முடியாது."

"ஏங்க, கம்பம் என்ன உங்க பேர்லயா எழுதியிருக்கு?"

அவள் திரும்பினாள். அந்த அகலக் கண்களில் மழையா, கண்ணீரா... அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"பயமா இருக்கு. பயம் இறங்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஓடினா, அடுத்த தடவை இன்னும் பெரிசாயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதான்... நிக்கறேன்."

அவள் தையல்காரி. ஒருமுறை கடைவீதிக் கூட்டத்தில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தே போய்விடுவோம் என்று நினைத்தாள். அதிலிருந்து வாசலைத் தாண்டினாலே உடம்பு உதறும். தைத்த துணிகளை அண்ணிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். டாக்டரம்மா சொன்னபடி முதலில் வாசற்படி, அப்புறம் பக்கத்து வீடு... அன்றைக்குத்தான் கம்பம்வரை வந்திருந்தாள்.

"சரி, மெதுவா இறங்கட்டும். ஏணியில எனக்கும் கால் உதறும். உதறிக்கிட்டேதான் ஏறுவேன்."

ஏணியைச் சாய்த்துவிட்டு நனைந்தபடியே காத்திருந்தார். அவள் விரல்கள் தளர்ந்ததும் கேட்டார்:

"இப்ப ஏறலாமா, மகாராணி?"

அவள் சிரித்தாள். போச்சு... மனுஷர் ஏணியில் ஏறாமலே விழுந்துவிட்டார்!

அப்புறம் என்ன, அடிக்கடி வந்தார். நூலா, பொத்தானா, அவள் வாய் திறக்குமுன் வாங்கி வந்தார். அன்புதான், கண்ணுங்களா. ஆனால் அந்த அன்பில் அவள் கால் மறுபடி வாசலுக்குள்ளேயே தங்கிவிட்டது. கம்பம்கூட எட்டாத தூரமானது.

ஒருநாள் அவர் நீட்டிய பொட்டலத்தை அவள் வாங்கவில்லை.

"இனிமே எதுவும் வாங்கிட்டு வராதீங்க."

"நான் வர்றதே தொந்தரவா?"

"நீங்க வாங்கிட்டு வர வர... நான் வெளிய போறதே நின்னுபோச்சு."

பாதிதான் அவர் காதில் ஏறியது. மீதியை ரோஷம் தின்றுவிட்டது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவர், வரவேயில்லை.

"நான் போய்ச் சொல்லட்டுமாடி?" என்றாள் அண்ணி.

"வேண்டாம் அண்ணி. நான்தான் போகணும்."

பக்கத்து வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கம்பம்... தெருமுனை... பாலம். நடுவழியில் உட்கார்ந்தாள், அழுதாள். திரும்பி மட்டும் ஓடவில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்த ஒரு காலையில், விளக்குப் பணிமனை வாசலில் வியர்த்து விறுவிறுத்து நின்றாள். அவர் பதறி எழுந்தார். அவள் கையை உயர்த்தினாள்.

"வராதீங்க. நானே வர்றேன்."

வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, லாரிகளுக்கு நடுவே தள்ளாடி நடந்து, அவர் எதிரில் வந்து நின்றாள்.

"பயம் போயிடுச்சா?" என்றார் அவர்.

"இல்ல... கூடவே வந்திருக்கு. அதையும் வெச்சுக்கிட்டுத்தான் கேக்கறேன். என்னைக் கட்டிக்கறீங்களா?"

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர்.

"அப்ப... மூணு பேருக்கு வீடு பார்க்கணுமே!"