சேமித்து வைத்த மின்சாரம்

"அங்கிள், அந்த பட்டன அமுக்குங்க."

கார் இன்னும் எங்கள் பாடாங் மேஹா தோட்டத்து முச்சந்தியைக்கூடத் தாண்டவில்லை. அடுத்தவர் காரில் எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஏர்கான் கேட்காதே, பாட்டுக் கேட்காதே, கதவை மெதுவாகச் சாத்து.

சிவநேசன் அங்கிள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எந்த பட்டன், குணசுந்தரி?"

"கரண்டுல மட்டும் ஓடுற பட்டன்." அவருடையது பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் கார்.

பக்கத்தில் இருந்த அவர் மகள் சாந்தினி என் காலை மிதித்தாள். வலித்தது. நான் நிறுத்தவில்லை.

நான் ஏன் நிறுத்த வேண்டும்? ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அங்கிள் சொன்னார்: "கார் பெட்ரோலாக் குடிக்குது. சனிக்கிழமை கூலிம் போறது இதோட சரி. சாந்தினி வீட்டுல கம்ப்யூட்டர்ல படிக்கட்டும்."

சாந்தினி வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. என் வீட்டில் இல்லை. அப்பாவுக்குச் சனிக்கிழமை காலை ஷிப்ட். தோட்டத்திலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. கூலிம் ரோபோ வகுப்பில் நாங்கள் இருவரும் செய்யும் ரோபோவுக்கு இன்னும் ஒரு கைதான் பாக்கி.

"பேட்டரிய பினாங்குக்கு வச்சிருக்கேன், பிள்ளை," என்றார் அங்கிள். " அண்ணன் வீட்டுக்கு ஹைவேயில பெட்ரோலே இல்லாம போவேன்!"

"எங்கப்பா அப்படிப் போறோம்?" என்றாள் சாந்தினி. "பாதி வழியிலேயே தீந்துடுது. பெரியப்பா வீட்டு வாசல்ல பெட்ரோல்லதான் போய் நிக்கிறோம்."

"போன வாரம் நீங்க ரொட்டி சானாய் வாங்க இறங்குனப்ப கார் புத்தகத்தப் படிச்சேன்," என்றேன். "வேகமாப் போனா பேட்டரி சீக்கிரம் தீரும். நின்னு நின்னு போற டவுனுக்குத்தான் அது நல்லது. நீங்க தலைகீழா ஓட்டுறீங்க, அங்கிள்."

"என் காருக்கு நீ டீச்சரா?"

நோட்டை எடுத்தேன். "நாலு சனிக்கிழமையா எழுதியிருக்கேன். நாலு தடவையும் பேட்டரி தொண்ணூத்திரண்டு சதவீதம். குறையவே இல்ல. உங்க வீட்டு கண்ணாடி அலமாரி தட்டு மாதிரி. அழகா இருக்கு, ஆனா யாரும் அதுல சாப்பிடுறதில்ல."

சாந்தினி வெடித்துச் சிரித்தாள். அங்கிள் சிரிக்கவில்லை.

"நீ சொல்றது பொய்யா நெசமான்னு பாக்குறேன்," என்று பட்டனை அழுத்தினார்.

இன்ஜின் சத்தம் நின்றது. கூலிமில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கார் நின்றது, கிளம்பியது. அங்கிள் சாலையைவிடத் திரையைத்தான் அதிகம் பார்த்தார்.

"அப்பா, ரோட்டப் பாருங்க!"

வகுப்பு வாசலில் கார் நின்றது. பட்டனை அழுத்தியதிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். பேட்டரி அறுபத்துநான்கு. செலவான பெட்ரோல் பூச்சியம்.

"கரண்டு மட்டும் சும்மாவா வருது?" என்றார் அங்கிள்.

"சும்மா இல்ல லா. ஆனா திரும்பிப் போகவும் மிச்சம் இருக்கு. வீட்டுல சார்ஜ் போட்டா மறுபடி நிறையும்."

அவர் தாடையைச் சொறிந்தார். "அடுத்த வாரம்..." என்று இழுத்தார்.

நான் அதற்குள் கதவைத் திறந்துவிட்டேன்.

"அடுத்த சனி ஏழு மணிக்கு எங்க வீட்டு வாசல்ல நிப்பேன், அங்கிள். சார்ஜ் போட்டுட்டு வாங்க."

நான் கேட்கவில்லை. சொன்னேன். கதவை மட்டும் அம்மா சொன்னபடி மெதுவாகச் சாத்திவிட்டு நடந்தேன்.